கோழி சாருக்கு நான் தாழைக்கோழி

டெல்லியில் எத்தனையோ கோடி மனிதர்கள் இருக்கலாம். அத்தனை பேரையும் இரண்டே இரண்டு பறவைக்குள் அடைத்துவிட்ட ஆள் கோழி சார் ஒருவர்தான். மந்திரியானாலும் சரி, மாவு மில்காரரானாலும் சரி, அவர் பார்வையில் ஒன்று நாமக்கோழி, இல்லையென்றால் தாழைக்கோழி. மூன்றாவது கிடையாது.

நான் தாழைக்கோழி. பழகிப் பார்த்துச் சொல்லவில்லை. பார்த்ததும் சொல்லிவிட்டார்.

எனக்கு எழுத்து அதிகம் வராது. பேச்சு அதைவிடக் குறைவு. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அந்த மனிதரைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. சாதாரண எரிச்சல் இல்லை. அதில் ஒரு ஈடு இட்லி வேகும்.

திரிலோக்புரியில் குடியிருக்கிறோம். பக்கத்தில் ஏரி. ஏரியைச் சுற்றிப் பூங்கா. பூங்கா வாசலில் எங்கள் இட்லி வண்டி. இட்லி நான். சட்னி, சாம்பார், கல்லா, பேச்சு எல்லாம் என் மனைவி செல்வி. காலையில் நடக்க வருகிற டெல்லிக்காரர்கள் சாம்பாரைத் தம்ளரில் வாங்கிக் குடிப்பார்கள். "பையா, தோடா அவுர்" என்று இன்னும் கொஞ்சம் கேட்டு நீட்டிக்கொண்டே இருப்பார்கள். செல்வி சமாளிப்பாள். நான் தலை நிமிர மாட்டேன். ஆவிக்குள்ளேயே இருப்பேன்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் ஒரு குளிர்கால ஆரம்பத்தில் கோழி சார் வந்து சேர்ந்தார்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஏரிக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் மகன் வீட்டில் இருந்தார். ஒரே ஒரு கறுப்பு ஸ்வெட்டர். கழுத்தில் பைனாகுலர். கோழிக்கறி தொட மாட்டார், முட்டைகூடக் கிடையாது. சொந்தப் பெயர் என்னவென்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. 'கோழி சார்' என்பது செல்வி வைத்தது. அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் நாள் தட்டை வாங்கியவர் இட்லியைத் தொடவில்லை. ஏரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தாயி, தண்ணியில கறுப்பா நிறைய கெடக்கே, அது என்னன்னு தெரியுமா?" என்று செல்வியைக் கேட்டார்.

"வாத்துங்க சார்."

தட்டை வண்டிமேல் வைத்துவிட்டார். யாரோ செத்துப்போன செய்தி கேட்ட முகம்.

"வாத்தா! அலகப் பாத்தியா? வாத்துக்குத் தட்டையா இருக்கும். இதுக்குக் கூர்ப்பா இருக்குல்லா? இதுல ரெண்டு சாதி கெடக்கு. காட்டுதேன் பாரு."

தேங்காய்ச் சட்னியில் விரலை விட்டார். மூக்கிலிருந்து நெற்றி வரை ஓர் இழுப்பு.

"இது நாமக்கோழி. உடம்பு பூரா கறுப்பு. அலகும் நெத்தியும் மட்டும் வெள்ளை. ஆச்சா? இன்னொண்ணு இருக்கு..."

காரச் சட்னியில் விரலை விட்டார். நெற்றி தேடினார். அவர் நெற்றி நிரம்பிவிட்டது. எதிரில் இருந்தது என் நெற்றி. நான் இட்லித் தட்டை எடுக்கக் குனிந்திருந்தேன். நிமிர்வதற்குள் பூசிவிட்டார்.

"இது தாழைக்கோழி. நெத்தி செவப்பு. அலகும் செவப்பு, நுனியில மட்டும் மஞ்சள். இந்தா, இவரு மாதிரியே. கரையோரம் புல்லுக்குள்ள ஒளிஞ்சுதான் கெடக்கும். நடுத்தண்ணிக்கு வராது."

காரச் சட்னி வேர்வையோடு கண்ணில் இறங்கியது. அதைவிட எரிச்சலான இன்னொன்று நடந்தது. செல்வி சிரித்தாள். வண்டியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பு அவளுக்குள் இருப்பதே எனக்குத் தெரியாது. நான் தட்டி எழுப்ப வேண்டியதை எவரோ வந்து எழுப்பிவிட்டார்.

கண் கழுவப் போனேன்.

அவர் நெற்றியைக் கழுவவே இல்லை. கறுப்பு ஸ்வெட்டரும் வெள்ளை நெற்றியுமாக அப்படியே மெட்ரோ ஏறிக் கோல் மார்க்கெட் வரைக்கும் போய்விட்டு வந்தார். மறுநாள் செல்வியிடம் சொன்னார்: "டெல்லிக்காரன் திருந்திட்டான் தாயி. என்னப் பாத்ததும் சீட்டு காலி பண்ணிக் குடுத்தான். பக்கத்துச் சீட்டையும் சேர்த்து."

செல்வி மறுபடி சிரித்தாள்.

அதிலிருந்து தினமும் வகுப்பு நடந்தது. நாமக்கோழி தண்ணீர் நடுவில் கூட்டமாக மிதக்கும். கூட்டமாகவே இருக்கும், ஆனால் ஒன்றுக்கொன்று ஆகாது. துரத்தும், கொத்தும். முங்கி எழும்பும். பறக்க வேண்டுமென்றால் தண்ணீர்மேல் தபதபவென்று ஓடித்தான் எழும்பும். தாழைக்கோழி தனியாக, கரை ஓரமாக, தலையை ஆட்டி ஆட்டிப் போகும். வாலைத் தூக்கித் தூக்கி அடியிலுள்ள வெள்ளையைக் காட்டும். விலாவில் வெள்ளைக் கோடு. ஆள் வந்தால் புல்லுக்குள் ஓடிவிடும்.

இதைப் பாடமாக நடத்திவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. போகிற வருகிற ஆட்களை வைத்து நடத்துவார். பூங்காவில் வட்டமாக நின்று கைதட்டிச் சிரிக்கிற சங்கத்தார் முழுக்க நாமக்கோழி. "பாரு, சேர்ந்து நின்னு சிரிக்கான். டீ குடிக்கையில அடிச்சுக்கிடுவான்" என்பார். பூங்காக் காவலாளி தாழைக்கோழி. ஒருநாள் சாம்பார் குடிக்க வந்த போலீஸ்காரரை மேலும் கீழும் பார்த்து, "சுத்தமான நாமக்கோழி" என்றார். போலீஸ்காரர் அர்த்தம் கேட்டார். இவர் திருநெல்வேலி இந்தியில் கால் மணி நேரம் விளக்கினார். போலீஸ்காரர் எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அச்சா, இதில் எது ருசியாக இருக்கும்?" என்றார்.

கோழி சார் அன்று இட்லி சாப்பிடவில்லை.

சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு ஓடுகிற ஓர் ஆள் இருந்தார். அவர் ஒருமுறை ஓட்டத்தோடு ஓட்டமாகப் போனில் யாரிடமோ, "ஏரி முழுக்க பத்தக் வந்திருக்கு" என்றார். பத்தக் என்றால் இந்தியில் வாத்து. இவர் காதில் விழுந்துவிட்டது. "ஏய், பத்தக் நஹி ஹை!" என்று பின்னாலேயே போனார். அவர் வேகம் எடுத்தார். இவரால் ஓட முடியாது. ஆனால் ஏரி வட்டம். எதிர்ப்பக்கமாக நடந்து போய் மடக்கிவிட்டார். நடுப்பாதையில் நிறுத்தி, பறவைகளின் கால் விரல் பாடம் உட்பட முழுவதையும் நடத்தித்தான் விட்டார். அந்த ஆள் அதற்குப் பிறகு ஓடும்போது வாய் திறந்ததில்லை.

செல்விக்கு அவர் கொடுத்த பட்டம் நாமக்கோழி. அவளுக்கு ஒரே பெருமை.

"அப்ப நாமக்கோழியும் தாழைக்கோழியும் ஒண்ணா எப்படி சார் குடித்தனம் பண்ணுறது?" என்று கேட்டாள்.

"ஒரே குடும்பந்தான் தாயி. ஏரியும் ஒண்ணுதான். அது நடுவுல நீந்தும், இது ஓரத்துல ஒளியும். சண்டை வந்தா இது ஓடிரும். அதனால சண்டையே வராது."

"அப்படியே இவருதான் சார்!"

நான் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். கரைத்த மாவையே மறுபடி கரைத்தேன்.

"நீங்க எந்தக் கோழி சார்?" என்றும் ஒருநாள் கேட்டுவிட்டாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் ஆளு தாயி. கோழியப் பாக்க ஆளு."

பிறகு பைனாகுலரை அவள் கையில் கொடுத்தார். அன்றோடு என் பிழைப்பு கெட்டது. கூட்டம் நிற்கும், செல்வி இருக்க மாட்டாள். கம்பி வேலி ஓரம் அவரோடு நிற்பாள். "இதோ வந்துட்டேங்க" என்று குரல் மட்டும் வரும். சில்லறை கேட்பவனுக்கும் சாம்பார் கேட்பவனுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். அதாவது பேச வேண்டும். அது எனக்கு வராது. இட்லி அடிபிடித்தது. ஆவியில் வேகிற இட்லியை அடிபிடிக்க வைத்தவன் டெல்லியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். குண்டானில் தண்ணீர் வற்றியதைக்கூடப் பார்க்காமல் வேலியையே பார்த்துக்கொண்டிருந்தால் வேறென்ன ஆகும்?

வீட்டிலும் அதே பேச்சு. சாப்பிடும்போது சொல்வாள்: "இன்னிக்கு ஒரு நாமக்கோழி கரையேறுச்சுங்க. காலைப் பாத்தேன். விரல் ஒவ்வொண்ணுலயும் சின்னச் சின்னதா அப்பளம் ஒட்டி வெச்ச மாதிரி. அதாலதான் தண்ணியத் தள்ளுதாம். தாழைக்கோழிக்கு அப்பளம் கிடையாது. குச்சி குச்சியா நீட்டு விரல். எலை மேலயே நடக்குமாம். சார் சொன்னாரு."

சார் சொன்னார். சார் சொன்னார். கிட்வாய் நகரில் இருக்கிற அவள் அண்ணன் போன் செய்தால் அவருக்கும் சார் சொன்னதுதான். அந்த மனிதர் ஒரு நாமக்கோழியையும் பார்த்திருக்க மாட்டார். பாவம், 'ம்' கொட்டினார்.

கோழி சார் மேல் தப்பு சொல்ல முடியாது. செல்வியை மகள் மாதிரிதான் நடத்தினார். அதுதான் இன்னும் கஷ்டம். தப்பான ஆளாக இருந்தால் சண்டை போடலாம். நல்ல ஆளிடம் பொறாமை வந்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நான் ஒரு முடிவு செய்தேன். வண்டியை ஏரிக்கு அடுத்த பக்கம், மெட்ரோவுக்குப் போகிற வழியில் உள்ள வாசலுக்கு மாற்றினேன். அங்கே ஏரி தெரியாது. சுவர்தான் தெரியும்.

"ஏங்க, இங்க எதுக்கு?" என்றாள் செல்வி.

"யாவாரம்" என்றேன்.

யாவாரம் நன்றாகத்தான் இருந்தது. செல்வி கல்லாவை விட்டு நகரவில்லை. ஆனால் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சில்லறை கொடுத்தாள். பக்கத்தில்தான் நின்றாள். ஆனால் பக்கத்தில் இல்லை.

அந்த வாரமே, எதிரில் நிற்கிற ஆள் தெரியாத பனிமூட்டத்தில், கறுப்பு ஸ்வெட்டர் ஒன்று தடவித் தடவி வந்தது. ஏரியைச் சுற்றி ஒவ்வொரு வாசலாக விசாரித்து வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது. என்னைத்தான் முதலில் பார்த்தார். முகத்தில் நிஜமான கவலை.

"என்ன வே, இடம் மாத்திட்டீரு? பருவத்துக்குப் பருவம் இடம் மாறுதது நாமக்கோழிலா. தாழைக்கோழி எங்கயும் போவாது. ஒமக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

செல்வி சிரித்தாள். சுவரே அதிர்ந்தது. மறுநாள் வண்டியைப் பழைய இடத்துக்கே தள்ளிக்கொண்டு வந்தேன்.

இனி ஒரே வழிதான் மிச்சம். அந்தக் கோழியை நானே படிக்க வேண்டும். அவர் காட்டாத ஒரு நாமக்கோழியை, அவருக்கு முன்னால், செல்விக்கு நான் காட்ட வேண்டும். அவள் என்னைப் பார்த்து ஒரு தடவை, 'அட!' என்று சொல்ல வேண்டும். வேறெதுவும் வேண்டாம். மாவு அரைத்து வைத்துவிட்டு, வண்டி போடுவதற்கு முன் தனியாகப் போய் வேலியில் நின்றேன். வெள்ளை நெற்றி, நாமக்கோழி. சிவப்பு நெற்றி, தாழைக்கோழி. உதடு அசையாமல் சொல்லிப் பார்த்தேன். என் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு தயாராகப் போகவில்லை.

பொங்கல் அன்று காலை அந்தச் சந்தர்ப்பம் வந்தது.

பனி பாதி விலகியிருந்தது. விசேஷ நாள் என்று சர்க்கரைப் பொங்கலும் போட்டிருந்தோம். வண்டியைச் சுற்றி நல்ல கூட்டம். கோழி சார் தட்டோடு நின்றார். அப்போது ஏரியில், கரைக்குக் கொஞ்சம் தள்ளி, தன்னந்தனியாக ஒன்று மிதந்தது. உருண்டையாக, கன்னங்கரேலென்று. முன்னால் பளிச்சென்று வெள்ளை. மெதுவாகத் தலையாட்டியது.

கரண்டியைப் போட்டேன்.

"அதோ! நாமக்கோழி!"

என் குரல் எனக்கே புதிது. வண்டியருகில் இருந்த மொத்தக் கூட்டமும் வேலிக்கு வந்தது. காவலாளி வந்தார். சிவப்புத் தொப்பி ஆள் ஓட்டத்தை நிறுத்திவிட்டு வந்தார். செல்வி ஓடி வந்து, "எங்கங்க? எங்க?" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்தில் என் தோளை!

கோழி சார் பைனாகுலரைத் தூக்கினார். பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இறக்கினார். என்னைப் பார்த்தார். மறுபடி தூக்கிப் பார்த்தார்.

"சார், குடுங்க, நானும் பாக்குறேன்" என்று செல்வி கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. எப்போதும் கேட்பதற்கு முன் கொடுக்கிறவர்.

"கண்ணாடியில பனி ஏறிட்டு தாயி." என் பக்கம் திரும்பினார். "நாமக்கோழிதான் வே. நல்ல கண்ணு ஒமக்கு."

"அட!" என்றாள் செல்வி.

அந்த 'அட' என் காதில் இருந்தது கொஞ்ச நேரம்தான். காற்று அடித்தது. நாமக்கோழி எங்களை நோக்கியே வந்தது. வந்ததும் மெல்லத் திரும்பி, அகலமாக வாயைக் காட்டியது. உள்ளே ஒன்றுமில்லை.

"ஏங்க," என்றாள் செல்வி, "இது நம்ம பானைங்க!"

அவள் சொல்லித்தான் எனக்கே ஞாபகம் வந்தது. போன வருஷத்துப் பொங்கல் பானை. அடி முழுக்கக் கரி. கழுத்தில் செல்வி கையால் போட்ட சுண்ணாம்புப் பட்டை. முந்தின நாள் போகி. பழசை வெளியே போடச் சொல்லி அவள்தான் கொடுத்தாள். எதிர்க்கரையில் நின்று ஏரியில் விட்டவன் நான்.

கூட்டம் சிரித்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. சிவப்புத் தொப்பி ஆள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிரித்தார். கோழி சார் பக்கம் வந்து, மிக மரியாதையாகக் கேட்டார்: "அங்கிள்ஜி, இது எந்தச் சாதி?"

நான் வாய் திறந்தேன். என் பாதத்தின் மேல் ஒரு செருப்புக் கால் ஏறி அழுத்தி நின்றது. கோழி சாருடையது.

"நான்தான் சொன்னேன்," என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இந்தியில் சொன்னார். "நான்தான் நாமக்கோழின்னு சொன்னேன். இவர் என்னை நம்பிக் கத்திவிட்டார். எனக்குக் கண் மங்கிவிட்டது."

வாத்து என்று சொன்னதற்காக ஓர் ஆளை ஏரி முழுக்கத் துரத்திய மனிதர். பானையை நாமக்கோழி என்று சொன்னதாகத் தலைமேல் ஏற்றுக்கொண்டு, கறுப்பு ஸ்வெட்டரில் நிமிர்ந்து நின்றார். அன்று முதல் பூங்காவில் அவருக்குப் பெயர் மட்கா அங்கிள். மட்கா என்றால் பானை. சிரிப்புச் சங்கத்தார் அவரைக் கண்டால் கைதட்டாமலேயே சிரித்தார்கள்.

இரண்டொரு நாள் கழித்து, செல்வி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது கேட்டேன்.

"ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: "தாழைக்கோழி நடுத்தண்ணிக்கு வாரதே அபூர்வம் வே. வந்தன்னைக்குக் கல்ல விட்டு எறியலாமா?"

அவர் தட்டில் இன்னொரு இட்லி வைத்தேன். அது நன்றியால்தான். ஆனால் பொறாமை போனது என்று நினைத்துவிடாதீர்கள். கூடியது. கத்தியது நான் என்று செல்விக்குத் தெரியும். பக்கத்தில்தானே நின்றாள்? பொங்கல் அன்று ராத்திரி சோறு போடும்போது, "எப்பேர்ப்பட்ட மனுசன்!" என்றாள். என்னை இல்லை. பானையைக் காட்டியது நான். பேர் வாங்கியது அவர்.

வெயில் ஆரம்பித்ததும் நாமக்கோழிகள் போய்விட்டன. கோழி சாருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனது. நடக்கக் கூடாது, வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று சேதி வந்தது. செல்வி டப்பாவில் இட்லி எடுத்து வைத்து, தலையைச் சீவிக்கொண்டு கிளம்பினாள்.

"நான் போறேன்" என்றேன்.

"நீங்களா? அங்க போய் என்ன பேசுவீங்க?"

"இட்லி குடுக்க எதுக்குப் பேச்சு?"

அவள் போகக் கூடாது. அது ஒன்றுதான் என் எண்ணம். டப்பாவை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மருமகள் கதவைத் திறந்தாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண். "வாங்க அங்கிள். மாமா ஆஸ்பிட்டல்ல நர்ஸ் எல்லாரையும் கோழி ஆக்கிட்டார். இப்போ ஃபிசியோ பையா வந்தாலும் லெக்சர்தான். அவர் ஜல்தி ஜல்தின்னு ஓடியே போயிடறார்" என்றாள்.

நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தேன். கோழி சார் காலை நீட்டிக்கொண்டு ஜன்னல் ஓரம் இருந்தார். இட்லி சாப்பிட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு முடித்தார். பாடம் ஆரம்பிக்கப் போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மின்விசிறி ஓடியது. ஜன்னலில் ஒரு புறா வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது. அதைப் பற்றிக்கூட அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை. நான் எழுந்தபோது, "நாளைக்கும் வாரும்" என்றார்.

மறுநாளும் போனேன். அப்படியேதான். அதற்கு மறுநாளும். இட்லிக்காகப் போவது போய், இட்லி சாக்காக ஆகிவிட்டது.

இப்போது செல்விக்கு முகம் சரியில்லை. நேற்று கரண்டியை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்.

"தெனமும் அம்மாம் நேரம் அங்க என்னதான் பேசுறீங்க ரெண்டு பேரும்?"

"ஒண்ணும் பேசல."

"பொய். அந்த மனுசன் செவுத்துக்கிட்டகூடப் பேசுவாரு. நாளைக்கு நான் போறேன். நீங்க வண்டியப் பாத்துக்குங்க."

"லிஃப்ட் ஓடல. உன்னால ஏற முடியாது."

லிஃப்ட் நன்றாகத்தான் ஓடுகிறது. இருந்தாலும் சொல்லிவிட்டேன். ஊரில் ஓர் ஆள் பாக்கி இல்லாமல் பிடித்து வைத்துப் பேசுகிற மனிதர், என்னிடம் மட்டும்தான் பேசாமல் இருக்கிறார். அதை நான் செல்விக்குக்கூட விட்டுக்கொடுப்பதாக இல்லை.